தம்பி கேட்ட பூட்டன்

1

இந்தக் கதை எப்படி வந்தது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். இது பொய்யாக எழுதித் தரும்படி கேட்கப்பட்ட கதை. கேட்டவன் என் கூடப் பிறந்த தம்பி. கேட்ட இடம், எங்கள் கட்டடத்து லிஃப்ட்டின் கூரை.

தம்பி லிஃப்ட் மெக்கானிக். அன்று எங்கள் லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவில் நின்றுவிட்டது. அவன் அதன் கூரைமேல் குந்தியிருந்தான். நான் மாடிக் கதவோரம் நின்று டார்ச் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"அக்கா, எனக்கு ஒரு பூட்டன் வேணும்."

"என்னது?"

"பூட்டன்க்கா. தாத்தாவோட அப்பா."

"அதான் ஒருத்தர் இருக்காரே. ஊரெல்லாம் அவரைப் பத்தித்தானே சொல்லிக்கிட்டுத் திரியறே?"

"அவர் வேலைக்கு ஆகமாட்டார். அவருக்கு ரெண்டு பையன். எனக்கு ஒரே பையன் உள்ள பூட்டன் வேணும்." ஸ்பேனரால் எதையோ தட்டினான். "நீ கதை எழுதுறவதானே? ஒரு ஆளை உண்டாக்க உனக்கு எவ்வளவு நேரம் ஆகும்?"

எனக்குச் சிரிப்பு வந்தது. குனிந்து பார்த்தேன். அவன் சிரிக்கவில்லை. சின்ன வயதில் சைக்கிளைத் தொலைத்துவிட்டு வந்து நின்றானே, அதே முகம்.

அவன் மகளுடைய கல்யாணம் அந்தப் பூட்டனிடம் போய் மாட்டிக்கொண்டிருக்கிறது. இதை நான் கடைசிவரை மூடி வைத்து உங்களைத் தவிக்க விட்டிருக்கலாம். வாசகரைத் தவிக்க விடுவதில் எனக்கு நம்பிக்கை போய் வெகு காலம் ஆகிறது.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

[முன்னொரு காலத்தில் ஒரு பெயர் இருந்தது. அது]

அடித்துவிட்டேன். முன்னொரு காலத்தில் இருப்பதற்குப் பெயர் என்ன ராஜாவா? அடுத்து:

[எழுத்துகள் உதிர்ந்துகொண்டே வந்த ஒரு குடும்பத்தில் கடைசியாக]

இதைத் தோளுக்குப் பின்னால் நின்று படித்த தம்பி மகள், "அத்தை, முடி உதிர்றதுக்கு எண்ணெய் விக்கிற விளம்பரம் மாதிரி இருக்கு" என்றாள். அதுவும் போயிற்று. ஆகையால் தொடக்கம் இல்லாமலே தொடங்குகிறேன்.

எங்கள் குடும்பப் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் உங்களில் யாராவது "அட, நம்ம ஆளு!" என்று கிளம்பி வந்துவிடுவீர்கள். ஏற்கெனவே வந்த ஒருவரை வைத்துக்கொண்டு நாங்கள் படுகிற பாடு போதும்.

உங்களுக்கு இவ்வளவு தெரிந்தால் சரி. தமிழில் அது ஒரே பெயர். எங்கள் முன்னோர் குடியேறிய இந்த நாட்டு எழுத்தில் எழுதப் போனால் ஆளுக்கு ஒரு விதம். எங்கள் வீட்டில் எழுதுவதற்குக் குட்டை என்று பெயர் வைத்திருக்கிறேன். கடைசியில் ஓர் எழுத்து தொங்குவது வாலு. நடுவில் எல்லாவற்றையும் இரட்டித்து இரட்டித்து எழுதுவது நெட்டை. என் அப்பாவே பள்ளிக்கூடத்தில் வாலுவாகத்தான் இருந்திருக்கிறார். கடை வைத்த பிறகு குட்டையாகிவிட்டார். வால் எங்கே போயிற்று என்று தம்பி ஒரு வருஷம் அலைந்தான். அப்பாவுடைய கடைக்குப் பலகை எழுதியவருக்குக் கடைசி எழுத்துக்கு இடம் போதவில்லையாம். பலகைக்கு ஏற்றபடி அப்பா தன் கையெழுத்தை மாற்றிக்கொண்டாராம். அப்பாவோடு வாழ்ந்தவள் என்ற முறையில் நான் இதை நம்புகிறேன். ஒரு பலகையைத் திருப்பி எழுதச் சொல்லி இன்னொருவர் மனதை நோகடிக்கிற ஆளில்லை அவர்.

தம்பிக்கு இந்தப் பைத்தியம் பிடித்ததற்கு அவன் தொழில்தான் காரணம். எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் கீழே லிஃப்ட்டுக்குப் பக்கத்தில் தபால் பெட்டிகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றின் மேலும் ஒரு குடும்பப் பெயர். சூடான மோட்டார் ஆறும்வரை அவனுக்கு வேறு வேலை கிடையாது. பெட்டிகளைப் படிப்பான். வாலுவோ நெட்டையோ கண்ணில் பட்டால், வேலை முடிந்ததும் அந்த வீட்டு மணியை அடிப்பான். சீருடையைப் பார்த்துக் கதவைத் திறப்பார்கள்.

"லிஃப்ட் சரியாயிடுச்சுங்க. உங்க தாத்தா பேரு என்னங்க?"*

* பெரும்பாலானவர்கள் கதவைச் சாத்திவிட்டார்கள். ஓர் அம்மாள் மட்டும் உட்காரவைத்துத் தன் மருமகளைப் பற்றி மாலைவரை புலம்பியிருக்கிறார். அவர் உறவில்லை என்பது தம்பிக்கு முதல் நிமிஷத்திலேயே தெரிந்துவிட்டது. ஆனாலும் எழுந்து வரவில்லை. அவன் அப்படித்தான், அப்பா மாதிரி.

3

ஒருநாள் நெட்டை கிடைத்தார்.

கதவைத் திறந்தவர் கையில் யாரோ ஒருவருடைய மேல்வாய் இருந்தது. பல் மருத்துவர்களுக்குப் பல் செட் செய்து கொடுப்பவர். வீட்டின் முன்னறைதான் பட்டறை. தம்பி வழக்கமான கேள்வியைக் கேட்டான். அவர் தாத்தா பெயரைச் சொன்னார். அதற்கு மேல் தெரியாது என்றார். தம்பிக்கும் அந்த நாளில் அதற்கு மேல் தெரியாது.

இரண்டு தெரியாதுகளும் சேர்ந்தால் என்ன ஆகும்? என் தம்பியிடம் கொடுத்தால் ஓர் உறவாகும். "உங்க தாத்தாவும் எங்க தாத்தாவும் அண்ணன் தம்பியா இருந்திருப்பாங்க" என்றான். "ஏதாவது சண்டை வந்து பிரிஞ்சிருப்பாங்க. கோவத்துல ஒருத்தர் எழுத்தைக் கூட்டிக்கிட்டிருப்பார்."

அன்று அது வெறும் ஊகம். அடுத்த முறை அவன் என்னிடம் சொன்னபோது சண்டை ஒரு கடிகாரத்துக்காக என்று முடிவாகியிருந்தது. அதற்கு அடுத்த முறை அந்தக் கடிகாரம் வெள்ளியாகிவிட்டது. நான் கதை எழுதி நாற்பது வருஷம் ஆகிறது. இவ்வளவு வேகத்தில் எனக்கு ஒரு கடிகாரம் அமைந்ததில்லை.

பல் செட் செய்பவருக்கு அப்பா அம்மா சின்ன வயதிலேயே போய்விட்டார்கள். கூடப் பிறந்தவர்கள் கிடையாது. மனைவியும் இல்லை. ஒரே ஒரு மகன், மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கிறான். அப்படிப்பட்டவர் வீட்டு வாசலில் சீருடையோடு ஒருவன் வந்து நின்று "நான் உங்க தம்பி" என்றால் அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். முதல் நாளே "வாடா போடா" ஆகிவிட்டது. எனக்கும் ஐம்பத்தேழு வயதில் அண்ணன் ஒருவர் முளைத்தார். பிறந்ததிலிருந்து வீட்டுக்கு மூத்தவளாக இருந்து எல்லோரையும் அதட்டிப் பழகியவள் நான். இனி என்னையும் ஒருவர் "தங்கச்சி, மருந்து சாப்பிட்டியா?" என்று அதட்டலாம் என்றால் கடுப்பாகத்தான் இருந்தது. நாளாக ஆக அவர் அதட்டாத வாரத்தில் என்னவோ குறைவதுபோல் இருந்தது. மனதுக்குள் நான் அவருக்கு வைத்த பெயர் பல்லண்ணன்.

4

தம்பி மகள் பேருந்துப் பணிமனையில் கால அட்டவணை போடுகிறவள். எந்த வண்டி எந்த வண்டிக்குக் காத்திருக்க வேண்டும் என்று முடிவு செய்வது அவள்தான். எதையும் வளவளவென்று பேசமாட்டாள்.

அப்பாக்கள் இரண்டு பேரும் வம்ச மரம் வரைவதற்காகப் பல்லண்ணன் வீட்டில் உட்காரும்போதெல்லாம் இவளும் போவாள். பிளாஸ்டர் அச்சுகளை ஒதுக்கிவிட்டு மேசை முழுக்கத் தாளை விரிப்பார்கள். பிள்ளைகள் குறுக்கே நின்றால் இடைஞ்சல். "அந்த ரூம்ல போய்ப் பேசிக்கிட்டு இருங்க. அண்ணன் தங்கச்சிதானே" என்று அவர்களே அனுப்பி, சத்தம் கேட்காமலிருக்க அவர்களே கதவையும் சாத்திவிட்டார்கள்.

மீதியை நான் எழுத வேண்டாம் என்று நினைக்கிறேன்.

"அப்பா, நான் அவனைத்தான் கட்டிக்கப்போறேன்."

"அவன் உனக்கு அண்ணன்டி!"

"யாரு சொன்னா?"

"நான்தான் சொன்னேன்!"

"அப்ப நீங்களே இல்லைன்னும் சொல்லிடுங்க."

அத்தை மகன், மாமன் மகன் என்றால் பேச்சே இல்லை, மறுநாளே தேதி பார்த்திருப்பார்கள். பெரியப்பா மகன் என்றால் கூடப் பிறந்தவன்தான். இரண்டு அப்பாக்களுமே இதில் பிடிவாதக்காரர்கள். பெயரை வைத்து ஊரெல்லாம் தேடி ஒருவரை அண்ணனாக்கிக்கொண்டவன், இப்போது அதே பெயரை வைத்து அவரை அந்நியராக்க வேண்டும். இல்லையென்றால் மகளுக்குக் கல்யாணம் இல்லை.

(தம்பி மனைவி இதைப் பற்றிச் சொன்ன ஒரே வாக்கியத்தைப் பதிப்பகத்தார் நீக்கச் சொல்லிவிட்டார்கள். சுருக்கமாக: லிஃப்ட்டைப் பார்க்கப் போனவன் லிஃப்ட்டை மட்டும் பார்த்துவிட்டு வந்திருக்க வேண்டும்.)

5

ஆவணக் காப்பகத்துக்கு இந்த முறை நானும் போனேன். உண்மையைச் சொன்னால், கல்யாணத்துக்காகப் போகவில்லை. எனக்கே ஆவல் தொற்றிக்கொண்டது. இந்த வாலும் நீளமும் முளைப்பதற்கு முன்னால், முதன்முதலில் அந்தப் பெயர் எப்படி இருந்திருக்கும்?

தாத்தாவின் பிறப்பைப் பார்த்தோம். குடும்பப் பெயர் இருந்தது. அவருடைய அப்பாவின் பெயரைப் பார்த்தோம். அதே பெயர்தான். ஆனால் குடும்பப் பெயர் என்ற இடத்தில் அவருக்கு ஒன்றுமில்லை. அது அவருடைய சொந்தப் பெயர்.

"இதுக்கு மேல ஒண்ணும் இல்லைங்க. வேற பிள்ளைங்க இருந்தாங்களான்னு பாக்க மத்த பதிவெல்லாம் அழிஞ்சுபோச்சு" என்று ஜன்னலுக்கு அந்தப்பக்கம் இருந்த பெண் சொன்னாள்.

வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் நான் இதையே யோசித்தேன். நம் ஆட்களுக்கு ஆதியில் குடும்பப் பெயர் ஏது? அவரவர் பெயர், முன்னால் அப்பா பெயரின் முதல் எழுத்து, முடிந்தது. தலைமுறைக்குத் தலைமுறை பழைய பெயர் கழுவிவிட்ட மாதிரி சுத்தமாகப் போய்விடும். இந்த மனிதர் தன் பிள்ளையின் பிறப்பைப் பதியப் போயிருக்கிறார். குடும்பப் பெயர் என்ன என்று கேட்டிருக்கிறார்கள். அப்படியொன்று இல்லாததால் கையில் இருந்ததைக் கொடுத்திருக்கிறார். அவர் அம்மா அவரைச் சாப்பிடக் கூப்பிட்ட பெயரை நாங்கள் இன்றுவரை தபால் பெட்டியில் ஒட்டி வைத்திருக்கிறோம். அவருக்கு மேலே போவதற்குப் பெயர் என்ற ஏணியே கிடையாது.

இன்னொன்றும் புரிந்தது. அந்தக் காலத்தில் தெருவுக்கு இரண்டு பேருக்கு அந்தப் பெயர் இருந்திருக்கும். அத்தனை பேரும் இப்படித் தங்கள் பெயரைக் கழற்றிக் கொடுத்திருந்தால், குட்டையும் வாலும் நெட்டையும் ஒரே மரத்துக் கிளைகளாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை.

தம்பியிடம் சொன்னேன். "அப்போ அண்ணனும் நாமும் வேற வேற!" என்று பேருந்து நிறுத்தத்திலேயே கத்தினான். இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அப்புறம் மெதுவாக பெஞ்சில் உட்கார்ந்தான்.

"வேற வேறயாத்தான் இருக்கணும்னு இல்லையே அக்கா? ஒண்ணாவும் இருக்கலாம் இல்ல?"

"இருக்கலாம்."

"ரெண்டும் இருக்கலாம்னா எப்படிக்கா? அண்ணன் கேக்கமாட்டார். 'இல்லைன்னு யாரும் சொல்லலியே'ம்பார்."

அதற்கு மறு வாரம்தான் லிஃப்ட் கூரை. மூத்தவளான நான், அப்பா என்னிடம் சொன்னதாக ஒரு குடும்பக் கதை எழுத வேண்டும். அதில் பூட்டனுக்கு ஒரே மகன் இருக்க வேண்டும். ஒரே மகன் என்றால் தாத்தாவுக்கு அண்ணன் தம்பி கிடையாது. பல்லண்ணன் அதைப் படித்து நம்பி, சரி என்று தலையாட்ட வேண்டும். இதுதான் எனக்கு இடப்பட்ட வேலை.

எழுதினேன்.

[மேசைக்கு முன்னால் நின்றவர் குழந்தையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டார். "குடும்பப் பேரெல்லாம் கிடையாதுங்க. என் பேரையே போட்டுக்குங்க." அவருக்கு அது ஒரே மகன். அவர் பின்னால் திரும்பிப் பார்த்தார்.]

ஏன் திரும்பிப் பார்த்தார்? நான் பார்க்கச் சொல்லவில்லை. கடைசி வாக்கியத்தை அடித்துவிட்டு மறுபடி எழுதினேன். மறுபடியும் திரும்பினார். பாத்திரங்கள் தங்கள் இஷ்டத்துக்கு நடக்கிறார்கள் என்று சக எழுத்தாளர்கள் பேட்டியில் சொல்லும்போது நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்திருக்கிறேன். இப்போது என் மேசையில் ஒருவர் நின்றுகொண்டு கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். பின்னால் வரிசையில் நிற்பவர்கள் அவசரப்படுத்தியிருக்கலாம். அல்லது மூத்தவன் எங்காவது ஓடிவிட்டானா என்று

(இந்த வாக்கியத்தை இங்கேயே விட்டுவிடுகிறேன். முடித்தால் கல்யாணம் நின்றுவிடும்.)

6

எடுத்துவிட்டேன். பூட்டனின் மீசையைப் பற்றி ஒரு பக்கம் இருந்தது. யாருக்கு வேண்டும்?

7

நீங்கள் கேட்கப்போவது தெரியும். இந்தக் காலத்தில் எச்சிலைத் துடைத்து அனுப்பினால் உறவா இல்லையா என்று சொல்லிவிடுகிறார்களே?

தம்பி மகளும் அதைத்தான் கேட்டாள். எக்ஸ்ரே பையன் அதற்கு ஏற்பாடே செய்துவிட்டான். கடைசி நேரத்தில் இரண்டு அப்பாக்களும் வாயைத் திறக்க மறுத்துவிட்டார்கள்.

"ஆமான்னு வந்துட்டா?" என்றான் என் தம்பி.

"இல்லைன்னு வந்துட்டா?" என்றார் பல்லண்ணன்.

8

முதல் முடிவு, தம்பி கேட்டபடி.

[அப்பா என்னிடம் சொன்னார்: "என் தாத்தாவுக்கு ஒரே பிள்ளை. இன்னொன்று பிறக்கவே இல்லை. நம் பெயரை எவ்வளவு நீட்டி எழுதிக்கொண்டு யார் வந்தாலும் நமக்கு அவர்கள் பங்காளி கிடையாது." நாங்களும் பல்லண்ணனும் ஒரே பெயர் கொண்ட இரண்டு வெவ்வேறு குடும்பங்கள் என்று தெளிந்தது. கல்யாணம் சிறப்பாக நடந்தது.]

இதைத் தம்பிக்குப் படித்துக் காட்டினேன். என் வீட்டு நாற்காலியில் முதுகை நிமிர்த்தி, டாக்டர் முன்னால் உட்காருவதுபோல் உட்கார்ந்து கேட்டான். முடித்ததும் இன்னும் பக்கம் இருக்கிறதா என்று என் கையிலிருந்த தாளைப் பார்த்தான்.

"நல்லா இல்லையாடா?"

"நல்லாத்தான் இருக்கு. அண்ணன் இதைப் படிப்பாரா?"

"படிக்கத்தானே எழுதச் சொன்னே?"

"ஆமா." நகக்கண்ணில் இருந்த கிரீஸைச் சுரண்டினான். "'நமக்கு அவங்க பங்காளி கிடையாது'ன்னு ஒரு இடம் வருதில்ல. அதை மட்டும் கொஞ்சம் மெதுவா எழுதுக்கா."

"மெதுவான்னா?"

"தெரியலை. படிக்கிறப்ப வலிக்காத மாதிரி."

எனக்குத் தெரிந்த தமிழில் அந்த வாக்கியத்தை வலிக்காமல் எழுத வழி இல்லை. பல விதமாக எழுதிப் பார்த்துவிட்டேன். உங்களுக்கு முடிந்தால் ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள், இடம் விட்டிருக்கிறது.

9

யாரை ஏமாற்றுகிறோமோ அவரைப் போய்ப் பார்க்காமல் எழுதக் கூடாது என்று எனக்கு ஒரு பழக்கம். பல்லண்ணன் பட்டறைக்குப் போனேன்.

இளஞ்சிவப்பு மெழுகில் பற்களை நட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் வெண்மையிலிருந்து பழுப்பு வரைக்கும் பற்கள் நிற வரிசைப்படி பெட்டிகளில் கிடந்தன. ஒவ்வொன்றையும் இடுக்கியால் எடுத்து, வயதுக்கு ஏற்ற பழுப்பா என்று பார்த்து வைத்தார். அலமாரியில் ஒரு பிளாஸ்டர் வாய் தனியாக இருந்தது.

"அது யாரோடது அண்ணே?"

"தம்பியோடது. அவனுக்கு ஒரு பல்லுக்கு கேப் போட அச்சு எடுத்தேன். கீழ வரிசையில கோரைப்பல் திரும்பியிருக்கு பாரு. எனக்கும் அப்படியே இருக்கு."

"எத்தனை பேருக்கு அப்படித் திரும்பியிருக்கும்?"

அவர் தொழிலில் பொய் சொல்லமாட்டார். "நிறையப் பேருக்கு இருக்கும்" என்றார்.

நான் சுற்றி வளைக்காமல் கேட்டேன். அண்ணன் தம்பியாகவும் இருங்கள், சம்பந்தியாகவும் இருங்கள், யார் வந்து கேட்கப்போகிறார்கள்?

"ஒரு வாய்க்கு ரெண்டு செட் மாட்ட முடியாதும்மா" என்றார். "என் தம்பி பொண்ணு எனக்குப் பொண்ணு. அவளைப் போய் எப்படி மருமகளாக்குவேன்? அவ மருமகள்னா அவன் என் தம்பி இல்ல. இதுல நடுவுல நிக்கிற இடம் கிடையாது."

மெழுகு அடுப்பைத் தணித்தார்.

"எனக்குச் சம்பந்தி வேணாம் தங்கச்சி. சம்பந்தி யாருக்கும் கிடைப்பான். பையனைப் பெத்தா போதும். போன வருஷம் வயித்துல ஆபரேஷன் பண்ணினாங்களே, உள்ள கொண்டு போறப்ப நர்ஸ் கேட்டா, வெளிய யாராவது இருக்காங்களான்னு. 'என் தம்பி இருக்கான்'னு சொன்னேன். அறுபது வயசுல அந்த வார்த்தையை முதல் தடவையா சொல்றேன். மயக்க மருந்து குடுக்கிறதுக்குள்ள இன்னொரு தடவையும் சொல்லிக்கிட்டேன்."

நான் பிளாஸ்டர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதுவும் என்னைப் பார்த்துப் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது.

"நீ என்னமோ எழுதறேன்னு தம்பி பொண்ணு சொன்னா" என்றார். "ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். என்னை அந்த மரத்துலேர்ந்து எடுத்துடச் சொல்லி அவன்தான் உன்கிட்ட வந்தானா?"

இங்கே நான் பொய் சொல்லியிருக்கலாம். அதற்காகத்தானே என்னை அமர்த்தியிருந்தார்கள்.

"ஆமாண்ணே, அவன்தான் வந்தான். ஆனா உங்களைப் பத்தி வர்ற வரியை மெதுவா எழுதச் சொன்னான். வலிக்காத மாதிரி எழுதச் சொன்னான்."

இடுக்கியில் இருந்த பல்லை அவர் வெகு நேரம் எங்கேயும் வைக்கவில்லை.

"இன்னும் சின்னப் பையன் மாதிரியே இருக்கான்" என்றார்.

10

இரண்டாவது முடிவு.

[அண்ணன் தம்பி அண்ணன் தம்பியாகவே இருந்துவிட்டார்கள். பிள்ளைகள் இரண்டு பேரும் ஒரு பையை எடுத்துக்கொண்டு வேறு ஊருக்குப் புறப்பட்டார்கள். பேருந்து]

தம்பி மகள் அங்கேயே நிறுத்திவிட்டாள்.

"நாங்க ஓடிப்போகல்லாம் மாட்டோம் அத்தை. அடுத்த மாசம் புது அட்டவணை வருது, எனக்கு லீவே கிடையாது."

"சும்மா கதைக்குத்தான்டி."

"கதைக்கும் வேணாம். பெரியப்பா சாப்பாட்டு மேசையில தனியா உட்கார்ந்து இருப்பாரு. அதை யாரு பாக்கறது?" பெரியப்பா என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். இத்தனை நாளில் அவரை மாமா என்று அவளால் ஒரு தடவைகூடக் கூப்பிட முடியவில்லையாம். தனியாகக் கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்திருக்கிறாள். "வாய் வரமாட்டேங்குது அத்தை. ஆனா அவன் எனக்கு வேணும். என்ன பண்றதுன்னு நீங்களே சொல்லுங்க."

கதை எழுதுகிறவர்களிடம் இப்படிக் கேட்கக் கூடாது. எங்களுக்கு அடுத்த வாக்கியமே தெரியாது.

11

மூன்றாவது முடிவை நான் எழுதவில்லை. அது தானாக இப்போது என் வீட்டுச் சமையலறையில் நடந்துகொண்டிருக்கிறது. என் மேசையிலிருந்து பார்த்தால் எல்லாம் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை காலை. பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே குழாய் ஒழுகுகிறது. லிஃப்ட் மெக்கானிக்குக்குக் குழாயும் தெரியும் என்பது எங்கள் குடும்பத்து நம்பிக்கை. தம்பி இடுப்புவரை உள்ளே நுழைந்து கிடக்கிறான். அவன் மகள் வெங்காயம் நறுக்குகிறாள். மேடைமேல் இருக்கும் அவன் தொலைபேசி அடிக்கிறது.

"யாருன்னு பாரும்மா. கை ஈரம். ஸ்பீக்கர்ல போடு."

போடுகிறாள்.

"சம்பந்தி, வீட்டுல இருக்கீங்களா?"

யார் பேசுவது என்று எனக்கு ஒரு கணம் பிடிபடவில்லை. பல்லண்ணன் என் தம்பியைக் கூப்பிட்டால் "எங்கடா தொலைஞ்சே?" என்றுதான் ஆரம்பிப்பார். இந்த மரியாதைக் குரலை அவர் பல் மருத்துவர்களிடம் பேசும்போதுதான் நான் கேட்டிருக்கிறேன்.

"உங்ககிட்ட முறைப்படி பேசலாம்னு கூப்பிட்டேன். என் பையனுக்கு உங்க பொண்ணைக் கேட்டு வரலாம்னு இருக்கேன். எப்ப வந்தா வசதியா இருக்கும்னு சொன்னீங்கன்னா..."

அவ்வளவுதான் சொன்னார். பூட்டனைப் பற்றி ஒரு பேச்சு இல்லை. நான் எழுதிய பக்கத்தை அவர் படிக்கவும் இல்லை, படிக்க வேண்டியிருக்கவும் இல்லை.

தம்பி மகள் கத்தியை வைத்துவிட்டாள். சிரிக்கிறாள், வெங்காயத்தின் மேல் பழி போட வசதியாகக் கண் நிறைந்திருக்கிறது. தொட்டிக்கு அடியிலிருந்து என் தம்பி தவழ்ந்து வெளியே வருகிறான். தலைமுடியில் தண்ணீர் சொட்டுகிறது. கேட்டது கிடைத்துவிட்டது. லிஃப்ட் கூரையில் உட்கார்ந்து அழாத குறையாகக் கேட்டானே, அது இதோ மேடைமேல் இருந்து பேசுகிறது. கேட்டது இவ்வளவு மரியாதையாக வந்து நிற்கும் என்று அவன் எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது.

அவன் "சொல்லுங்க சம்பந்தி" என்றால் மகள் கல்யாணம் முடிந்தது, அண்ணனும் முடிந்தார். "அண்ணே" என்று வாய்தவறி வந்துவிட்டால், அந்த மனிதர் மனதை எங்கே பிடித்துக்கொண்டு இந்த நாலு வாக்கியத்தைச் சொன்னாரோ அந்தப் பிடி விட்டுவிடும். திரும்ப ஒரு தடவை அவரால் சொல்ல முடியாது. எனக்கு அவரைத் தெரியும்.

இரண்டு விதமாகவும் எழுதிப் பார்த்தேன். முதல் வார்த்தையிலேயே கை நின்றுவிடுகிறது. நான் அவனுக்கு அக்கா, அவளுக்கு அத்தை, அவருக்குத் தங்கச்சி. இந்த மூன்றில் எதையும் விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. நீங்கள் எங்களுக்கு யாரும் இல்லை, ஆகவே உங்களிடம் கொடுக்கிறேன். சீக்கிரம் சொல்லுங்கள். என் தம்பி வாயைத் திறந்தபடி ஈரக் கையோடு நிற்கிறான். மகள் அந்த வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். அந்தப் பக்கத்தில் அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஹலோ, நான் பேசறது கேக்குதுங்களா?" என்கிறார்.